தராசில் ஏறாத அளவு

ஜூன் 12, திங்கள்

ஆய்வு செய்யப்பட்டவர்: பொன்னுலிங்கம், வயது 51, முத்திரை ஆய்வாளர், பாளையங்கோட்டை. அதாவது நான். ஊரிலுள்ள தராசு, எடைக்கல், பால் அளவை, பெட்ரோல் பம்பு எல்லாம் ஒழுங்காக அளக்கின்றனவா என்று சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. இன்று என்னைச் சோதித்தார்கள்.

உயரம் 168 செ.மீ. எடை 94.6 கிலோ. வெறும் வயிற்றில் சர்க்கரை 112. எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 171. எழுபத்தைந்து கிராமை எடை போட்டுப் பார்த்தீர்களா என்று நர்ஸிடம் கேட்டேன். பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது என்றார். அச்சடித்திருப்பதை நம்புகிறவனாக இருந்தால் எனக்கு இந்த உத்தியோகமே தேவையில்லை.

பிரம்மசக்திக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. திங்களும் வியாழனும் டயாலிசிஸ். கணவன் என்ற முறையில் என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கலாம். இரத்த வகை முதல் எல்லாம் பொருந்துகிறது. சர்க்கரைதான் இடிக்கிறது.

"இது சுகர் வியாதி இல்ல சார். ஆனா வாசல்ல வந்து நிக்குது," என்றார் டாக்டர் ஷெர்லின். "இப்ப ஒரு கிட்னிய எடுத்துட்டு, நாளைக்குச் சுகர் வந்து மிச்சம் ஒண்ணும் கெட்டுப்போச்சுன்னா? ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல டயாலிசிஸ்ல கிடப்பீங்க. நான் எடுக்க மாட்டேன்."

தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டுமாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்தின் அளவு. இப்படி ஓர் அளவை நான் படித்த எந்தச் சட்டத்திலும் இல்லை. "உங்க ஒடம்புல இன்சுலின் குறைச்சல் இல்ல, ஜாஸ்தி. இருபத்துநாலு இருக்கு. அது போய்க் கதவத் தட்டுது, சதை திறக்க மாட்டேங்குது. நடந்தா திறக்கும்." இரண்டு மணி நேர அளவு 140க்குக் கீழே வர வேண்டும். எடையும் ஒரு பத்து கிலோ குறைந்தால் நல்லது. மறு சோதனை செப்டம்பர் 4.

பத்து கிலோ என்பதை அடிக்கோடிட்டுக்கொண்டேன். கதவு தட்டுகிற சங்கதி எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து சிந்துஜா பேசினாள். சொன்னேன். "அப்ப நான் தாரேம்ப்பா. எனக்கும் பி பாசிட்டிவ்தான?" என்றாள். மகளுக்கு வயது 23. பிரம்மசக்தி போனைப் பிடுங்கி, "ஒன் மேல கத்தி படணும்னா நான் இப்படியே கிடந்து போயிருதேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு கீரை ஆயப் போனாள்.

தினசரி நடையையும் சாப்பாட்டையும் நோட்டுப் போட்டு எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அலுவலக ஆய்வு நோட்டில் பாதி வெறுமையாக இருந்தது, அதில் எழுதுகிறேன். டாக்டர் எண்களை மட்டும் பார்ப்பார், மற்றதைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் ஆய்வு நோட்டில் பொய் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

ஜூன் 13, செவ்வாய்

வ.உ.சி. மைதானம். நான்கு சுற்று, 26 நிமிடம். பாட முடியவில்லை. பேசவும் முடியவில்லை.

புது டிஜிட்டல் தராசு வாங்கினேன். அலுவலகத்திலிருந்து இருபது கிலோ சோதனைக் கற்கள் நான்கைக் கொண்டுவந்து ஏற்றிப் பார்த்தேன். பிழை இல்லை. "எம்பது கிலோவப் படியேறித் தூக்கிட்டு வந்தியல்லா, அதுவே இன்னைக்கு நடந்த கணக்குதான்," என்றாள் பிரம்மசக்தி.

ஜூன் 14, புதன்

ஐந்து சுற்று. 94.6.

ஜூன் 15, வியாழன்

டயாலிசிஸுக்குப் போகும்போது அவள் 53.1 கிலோ. நான்கு மணி நேரம் கழித்து 50.6. வித்தியாசம் தண்ணீர். சிறுநீர் பிரியாததால் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே நிற்கிறது. ஆகவே நாளுக்கு ஒரு லிட்டர்தான் அனுமதி. காலையில் முத்திரையிட்ட லிட்டர் அளவையில் அளந்து பாட்டிலில் ஊற்றி வைக்கிறேன். காப்பி, மோர், மாத்திரை விழுங்குவது எல்லாம் அதற்குள். நான்கு மணிக்கு மேல் பாட்டில் பெரும்பாலும் காலி. அப்புறம் ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொள்வாள். அது பதினைந்து மில்லி. அதையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

அவள் மிஷினில் இருந்த நேரம் ஆஸ்பத்திரி வளாகத்தைச் சுற்றினேன். ஆறு சுற்று. 94.8. கூடியிருக்கிறது.

ஜூன் 19, திங்கள்

டயாலிசிஸ் அறையிலுள்ள எடை மிஷின் முந்நூறு கிராம் கூடுதலாகக் காட்டுகிறது. கல் வைத்து நிரூபித்தேன். டெக்னீஷியன் பீர் முகம்மது, "சார், அம்மாவுக்குத் தொணைக்கு வந்தீங்களா, எங்க மேல கேஸ் போட வந்தீங்களா?" என்றார். அரை மணியில் சரி செய்துவிட்டார்கள். பிரம்மசக்தி தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில், "மானத்த வாங்காதிய," என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 22, வியாழன்

நேரம் போகாமல் டாக்டரிடம், இவளுக்கு எப்படி இந்த நிலை வந்தது என்று மறுபடியும் கேட்டேன். இரத்த அழுத்தம் கவனிக்காமல் விட்டது. அதனால் வந்த தலைவலிக்கு வருடக்கணக்காக வலி மாத்திரை போட்டது. மாத்திரையை வாங்கிக் கொடுத்தது யார் என்று டாக்டர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. ஆறு வருடம், மருந்துக் கடையில், வீட்டுக்கு வரும் வழியில்.

பதினொரு சுற்று.

ஜூன் 27, செவ்வாய்

டவுனில் ஓர் அல்வாக் கடையில் ஆய்வு. இருபது வருடமாக அங்கே இலைத் துண்டில் ஒரு விள்ளல் அல்வா வைத்துவிட்டுத்தான் தராசைக் காட்டுவார் முதலாளி. இன்று வேண்டாம் என்றேன். அவருக்கு வேர்த்துவிட்டது. கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "சார், எந்தத் தராசுன்னு சொல்லிருங்க, இப்பமே மாத்திருதேன்," என்றார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் கடையை விட்டு இறங்கும்வரை அவர் நம்பவில்லை.

94.5. இரண்டு வாரத்துக்கு நூறு கிராம்.

ஜூலை 2, ஞாயிறு

தேரோட்டம். ஊரே டவுனில். மைதானத்தில் நானும் மூன்று நாய்களும். எட்டுச் சுற்று.

ஜூலை 6, வியாழன்

மிஷின் இரண்டு முறை கத்தியது. இரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாம். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். பதினாறு சுற்று. கூப்பிட வந்த பீர் முகம்மது என்னோடு பாதிச் சுற்று ஓடிவர வேண்டியிருந்தது. "நில்லுங்க சார், அம்மா நல்லாருக்காங்க, நில்லுங்க."

ஜூலை 17, திங்கள்

இடைச் சோதனை. எடை 94.0. ஐந்து வாரம் நடந்து அறுநூறு கிராம். டாக்டர் என்னவோ சிரித்துக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 103. இன்சுலின் 24 இருந்தது 15 ஆகியிருக்கிறதாம்.

"சார், எடைய விடுங்க, நடைய விடாதீங்க. சதை மாறிக்கிட்டு இருக்கு. அது எடை மிஷினுக்குத் தெரியாது," என்றார்.

ஆறுதலுக்காகச் சொல்கிறார். தராசில் ஏற்றிப் பார்க்க முடியாத எதையும் நான் ஏற்றுக்கொண்டதில்லை. அறுநூறு கிராம் என்பது ஒரு வேளை இட்லி.

ஜூலை 29, சனி

ஆடிக் காற்று. மைதானமெங்கும் புழுதி. டயாலிசிஸ் இல்லாத நாளில் பிரம்மசக்தியும் வரத் தொடங்கியிருக்கிறாள். படிக்கட்டில் உட்கார்ந்து, சுற்றுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையை மடியில் போட்டு எண்ணுகிறாள். நான் பத்து என்றேன், அவள் ஒன்பது என்றாள். கொட்டையை எண்ணினோம். ஒன்பது.

ஆகஸ்ட் 5, சனி

பெல்ட்டில் ஓர் ஓட்டை உள்ளே போயிருக்கிறது. மதியம் சாப்பிட்டதும் நாற்காலியில் கண் அயர்வது நின்றிருக்கிறது. குறட்டையும் இல்லை என்கிறாள் பிரம்மசக்தி. "சத்தமில்லாம எனக்குத்தான் தூக்கம் வரல," என்றாள்.

பெல்ட் தோல்தானே, நீளும். 93.6.

ஆகஸ்ட் 12, சனி

நடந்துகொண்டிருக்கும்போது சிந்துஜா போன் செய்தாள். கால் மணி நேரம் பேசினோம். முடிவில், "அப்பா, பின்னால யாரோ விசில் அடிக்காங்க. எங்க இருக்கீங்க?" என்றாள். மைதானத்தில் ஏழாவது சுற்றில் இருக்கிறேன் என்றேன். "நடந்துக்கிட்டா பேசுதீங்க? நம்பவே முடியல."

ஆகஸ்ட் 20, ஞாயிறு

சிந்துஜா இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறாள். சாப்பிட்டுக் கைகழுவியதும் ஒரு கவரை மேஜையில் வைத்தாள். பெங்களூரில் அவளே முதற்கட்டச் சோதனைகளைச் செய்துகொண்டிருக்கிறாள். எல்லாம் பொருந்துகிறது.

"நாலாம் தேதி அப்பாவுக்குச் சரியா வரலன்னா இருபத்திமூணாம் தேதி நான் வந்திருவேன். லீவு சொல்லியாச்சு. அம்மா அழுதாலும் சரி, ஏசினாலும் சரி."

பிரம்மசக்தி அழவும் இல்லை, ஏசவும் இல்லை. கவரை எடுத்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை, தலைவலி மாத்திரை தவிர.

93.1. இன்னும் பதினைந்து நாள். இந்த வேகத்தில் போனால் பத்து கிலோவுக்கு அடுத்த வருடம் ஆகிவிடும்.

ஆகஸ்ட் 23, புதன்

தீர்மானித்துவிட்டேன். சோறு, இட்லி, தோசை கிடையாது. வெள்ளரிக்காய், நீர்மோர், இரண்டு முட்டையின் வெள்ளை. காலையில் வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன். மதியம் பிரம்மசக்தி கட்டித் தந்த டிபன் பாக்ஸை அலுவலகக் காவலாளி வேலாயுதத்திடம் கொடுத்தேன். புளிச்சோறும் அவியலும். பாக்ஸைக் கழுவிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 26, சனி

91.3. தராசு இப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது.

மூன்றாவது சுற்றில் கண் இருட்டியது. உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை இன்று பிரம்மசக்தி வரவில்லை. நாளையிலிருந்து நடை வேண்டாம். மைதானத்துக்குப் போய்ப் படிக்கட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

90.1. வேலாயுதம், "அம்மா கை மணமே மணம் சார். நாளைக்கு என்ன கொழம்பு?" என்றார்.

ஆகஸ்ட் 31, வியாழன்

சோதனைக்கான தாளைக் கொடுத்தார்கள். முந்தின மூன்று நாளும் வழக்கம்போல் சோறு சாப்பிட வேண்டும், வழக்கமான நடமாட்டம் வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. எல்லாருக்கும் ஒரே தாள். என் நிலைமை அச்சடித்தவருக்குத் தெரியாது.

89.4.

செப்டம்பர் 3, ஞாயிறு

88.4. இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தேன். ஒரே அளவு. ஆறு கிலோ இருநூறு கிராம். மகிழ்ச்சியாக இருக்கிறது என்று எழுதிவைக்கிறேன், நோட்டில் எழுதுகிற வழக்கம் இல்லையென்றாலும்.

செப்டம்பர் 4, திங்கள்

வெறும் வயிற்றில் 97. இரண்டு மணி நேரம் கழித்து 179.

ஜூனைவிட எட்டு அதிகம்.

டாக்டர் தாளை மூன்று முறை பார்த்தார். பிறகு நோட்டைக் கேட்டார். எண்களை மட்டும் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். முதல் வரியிலிருந்து படித்தார். ஆகஸ்ட் 23க்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "யாரு சார் வேலாயுதம்?"

பிரம்மசக்தி பக்கத்தில்தான் இருந்தாள்.

"பத்து நாளா சோத்தக் கண்ணுல காட்டாத ஒடம்பு. அதுகிட்ட திடீர்னு எழுபத்தஞ்சு கிராம் குளுக்கோஸ நீட்டினா, வாங்கி வைக்கத் தெரியாம முழிக்கும். நல்ல ஆளுக்கே கூடக் காட்டும் சார், அதுக்குத்தான் தாள்லயே போட்டிருக்கோம். நடையையும் விட்டுட்டீங்க. நடந்த பலன் ரெண்டு மூணு நாளைக்குத்தான் நிக்கும், தினம் நடந்தாத்தான் அது இருக்கும். ஆறு கிலோ போச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அதுல பாதி தண்ணி. அம்மா ஒடம்புல மிஷின் எடுக்குதே, அது மாதிரி."

டாக்டர் நோட்டை மூடி வைத்தார்.

"உங்க தொழில்ல இதுக்கு என்ன செய்வீங்க? தராசத் தட்டிவிட்டு எடை போட்டா?"

அந்த அளவு செல்லாது என்றேன்.

"இதுவும் செல்லாது. இருபத்தொண்ணாம் தேதி வாங்க. வீட்ல போடுறதத் தின்னுட்டு, நடந்துட்டு வாங்க. அப்பவும் இப்படி இருந்தா நான் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டேன்."

அப்படி இருந்தால் இருபத்திமூன்றாம் தேதி சிந்துஜா வருவாள்.

அதன்பின் டயாலிசிஸ். பிரம்மசக்தி நோட்டை டாக்டர் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். இடது கையில் ஊசி, வலது கையில் நோட்டு. நான்கு மணி நேரமும் படித்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சுற்று எதுவும் போகவில்லை. ஜூன் 22ஆம் தேதிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"மாத்திர வாங்கிட்டு வாங்கன்னு கேட்டது யாரு?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"நீதான்."

"வாங்கிட்டு வராம இருந்தா ஏசியிருப்பேனா, மாட்டேனா?"

"ஏசியிருப்ப."

"பெறவு என்ன? அதுக்கா பட்டினி கிடந்திய? எனக்கு ஒரு டம்ளர் தண்ணி இஷ்டத்துக்குக் குடிக்க விதியில்ல. நின்னா மூச்சு வாங்குது. நின்னுதான் அந்த அவியலுக்கு அரச்சேன். அத வாச்மேனுக்குக் குடுத்துட்டு, சாப்பாடு நல்லாருந்துன்னு எங்கிட்ட சொன்னியளே."

பீர் முகம்மது அந்தப் பக்கம் வந்தவர் திரும்பிப் போய்விட்டார். அழுதேன். இதையும் எழுதுகிறேன், ஆய்வு நோட்டில் மறைக்கிற வழக்கம் இல்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

வீட்டில் தராசு இல்லை. பரணில் இருக்கலாம். கேட்கவில்லை.

செப்டம்பர் 6, புதன்

(இது பிரம்மசக்தி எழுதுவது.) காலையில் நாலு இட்லி, சாம்பார். மத்தியானம் நானே ஆபீசுக்குப் போய் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். ரெண்டு கரண்டி சோறு, கூட்டு, ரசம், மோர். வேலாயுதம் அண்ணன் முகம் வாடிப் போச்சு, அவருக்கும் தனியே கொண்டுபோயிருந்தேன். சாயங்காலம் அஞ்சு சுற்று. மூச்சு வாங்குச்சு. நான் எண்ணினேன், கொட்டை சரியாக இருக்கு.

செப்டம்பர் 11, திங்கள்

ஒன்பது சுற்று, 45 நிமிடம், ஆஸ்பத்திரி வளாகத்தில். எடை தெரியவில்லை. பேன்ட் மறுபடியும் இறுக்குகிறது போலிருக்கிறது. பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 16, சனி

பத்துச் சுற்று. கொட்டையும் பத்து. கடைசிச் சுற்றில் அவளும் கூட நடந்தாள். கால் சுற்று வந்ததும் அவளைப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு மீதியை நான் முடித்தேன்.

"சிந்து போன் போட்டா. டிக்கெட் எடுத்துட்டாளாம்," என்றாள்.

செப்டம்பர் 20, புதன்

பத்துச் சுற்று. சோறு, புளிக்குழம்பு, பொரியல். தாளில் அச்சடித்திருப்பது போலவே.

செப்டம்பர் 21, வியாழன்

எடை 92.2. முதலில் அதைத்தான் பார்த்தார்கள். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. மொத்தம் இரண்டு கிலோ நானூறு கிராம்தான் குறைந்திருக்கிறது.

வெறும் வயிற்றில் 94. குளுக்கோஸ். இரண்டு மணி நேரம். பிரம்மசக்தி மடியில் புளியங்கொட்டை எதுவும் இல்லாமலேயே விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

127.

டாக்டர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "இன்சுலின் பதினொண்ணு. கதவு திறந்திருச்சு. எடை இன்னும் குறையணும், நடைய ஆயுசுக்கும் விடக்கூடாது. சம்மதம்னா தேதி குறிக்கலாம்."

ஒரு சந்தேகம் கேட்டேன். எடுக்கப்போகும் சிறுநீரகம் எவ்வளவு எடை இருக்கும்? நூற்றைம்பது கிராம் போல என்றார். பத்து கிலோவுக்கு மூன்று மாதம் அல்லாடியிருக்கிறேன்.

வெளியே வந்து பிரம்மசக்தி போன் போட்டாள். "டிக்கெட்டக் கேன்சல் பண்ணிரு," என்றாள். உடனே போனை என்னிடம் நீட்டினாள். நான் அதைக் காதில் வைத்தபடி வாசல்வரை நடந்தேன். "ஹலோ, ஹலோ, நடக்குதீங்களாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள் சிந்துஜா.

அக்டோபர் 15, ஞாயிறு

நாளை காலை ஆறு மணிக்கு. மைதானத்துக்கு விடவில்லை. வார்டு வராந்தாவில் நாற்பது நிமிடம்.

அக்டோபர் 24, செவ்வாய்

எட்டு நாளாக எழுதவில்லை. விலாவுக்குக் கீழே தையல் இழுக்கிறது. வராந்தாவில் மெதுவாக மூன்று தடவை போய் வந்தேன்.

மாஸ்க் போட்டுக்கொண்டு பிரம்மசக்தியின் அறைக்குள் போகலாம் என்று இன்று அனுமதித்தார்கள். சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வீக்கம் இல்லை. கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் சிறுநீர் நிறைந்திருந்தது. எங்கள் வீட்டில் சிறுநீரைப் பார்த்துச் சந்தோஷப்படும் நாள் வரும் என்று நினைத்ததில்லை.

"தண்ணி குடிக்கச் சொல்லுதாங்க," என்றாள். "நெறய."

ஜக்கிலிருந்து பெரிய டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று ஊற்றினேன். அதையும் குடித்தாள். தாடையில் வழிந்ததைத் துடைக்காமல் டம்ளரை மறுபடியும் நீட்டினாள்.

நர்ஸ் சார்ட்டுடன் வந்தார். எவ்வளவு குடித்தார்கள் என்று அதில் எழுத வேண்டுமாம். "எத்தனை மில்லி சார்?"

"பாக்கல சிஸ்டர்," என்றேன்.

"பக்கத்துலதான நிக்கீங்க? அளவு முக்கியம் சார். கொஞ்சம் கவனிக்க வேண்டாமா?"

பிரம்மசக்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தையல் வலித்திருக்கும், இருந்தாலும் சிரித்தாள். நான் ஜக்கை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன்.